ஏழு நாள் விடுப்பு

ஜூலை 21, ஞாயிறு. பௌர்ணமி.

விடிவதற்குள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு விகாரைக்குப் போனேன். விகாரை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அரக்கோணத்தில் எங்கள் தெருக்கோடியில் தகரக்கூரை போட்ட ஒரு கூடம், ஒரு புத்தர் சிலை, வேலிக்குள் ஓர் அரசங்கன்று. இங்கே தங்கியிருந்த பிக்கு, நாங்கள் பந்தே என்போம், மழைக்காலத்துக்கு வேறு ஊர் விகாரைக்குப் போய்விட்டார். சாவியை என்னிடம் கொடுத்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவனிடம் சாவி பத்திரமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

நாளையிலிருந்து பிக்குகளுக்கு மழைக்கால வாசம். மூன்று மாதம் ஒரே இடத்தில் தங்க வேண்டும். ஊர் ஊராக நடந்தால் புதுப்பயிரும் புழுபூச்சியும் காலில் மிதிபடும் என்று புத்தர் செய்த ஏற்பாடு. குடும்பஸ்தர்களுக்கு அந்த விதி கிடையாது. எனக்குக் குடும்பமும் கிடையாது, மனைவி தெய்வானை போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆகவே சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லித் தீர்மானம் எடுத்துக்கொண்டேன்: கிழக்கே ரயில்வே கேட், மேற்கே ஏரிக்கரை. இந்த மூன்று மாதம் இதைத் தாண்டுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை கோலார் தங்கவயலிலிருந்து செண்பகம் போன் செய்திருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

செண்பகம் மறுபடி பேசினாள். என் தம்பி ஆனந்தனின் மனைவி. சுரங்கக் குடியிருப்பில் நாங்கள் பிறந்து வளர்ந்த அதே வீட்டில் இருக்கிறார்கள். ஆனந்தனும் அப்பாவைப் போலச் சுரங்கத்துக்குள் இறங்கியவன். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகியும் அதன் தூசி அவன் நுரையீரலை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர்.

"படுக்க முடியல மாமா. தலகாணி அடுக்கி சாஞ்சினே கீறாரு."

"மருந்து ஒழுங்கா குடுக்கிறியாம்மா?"

"குடுக்கிறேன் மாமா. நீங்க எப்பனா இந்தப் பக்கம்..."

தீர்மானத்தைச் சொன்னேன்.

"அய்யோ, சாமி காரியமா? அப்ப நான் இன்னா சொல்றது. தடுக்கக் கூடாது மாமா."

சாமி காரியம் இல்லை, எங்களுக்குச் சாமியே இல்லை என்று அவள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை போடுகிற கையால் என் தீர்மானத்துக்கும் ஒரு கற்பூரம் காட்டிவிட்டாள். இன்று மட்டும் நான் திருத்தவில்லை.

ஜூலை 24, புதன்

ஒரு ஆளுக்கு அரிசி போட எனக்கு இன்னும் வரவில்லை. மீதியைக் கீழ்வீட்டு நாய்க்கு வைத்தேன். முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை.

ஊரே எள்ளும் தண்ணீருமாகக் குளக்கரையில் நிற்கிறது. நாங்கள் அமாவாசைக்கும் எண்சீலம் எடுப்போம். நடுப்பகலுக்குப் பிறகு சாப்பாடு இல்லை, பாட்டு இல்லை, மெத்தை இல்லை. கீழ்வீட்டில் சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி போட்டார்கள். பசி என்பது வெறும் உணர்ச்சி, தோன்றும், மறையும் என்று கவனித்துப் பார்த்தேன். தோன்றியது. மறையவில்லை.

அம்மா ஞாபகம் வந்தது. நாலு வருஷம் முன் அம்மா இறந்த செய்தி கேட்டு இங்கிருந்து பந்தேவையும் அழைத்துக்கொண்டு ஓடினேன். அப்பாவுக்கு நடந்ததுபோல மூன்று சரணம் சொல்லி, பஞ்சசீலம் சொல்லி அடக்கம் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். போய் இறங்கினால் வாசலில் புரோகிதர், சங்கு, சேகண்டி. ஆனந்தன் ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டி பிடித்து நிற்கிறான். "அம்மாதாண்ணா கேட்டுச்சு" என்றான். அப்பா வீட்டில் இது நடக்காது என்றேன். நடந்தது. பந்தேவை அழைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

கொள்கை என்று ஒன்று இருக்கிறது. பந்தே ரயிலில் அரக்கோணம் வரும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செய்ததை ஒத்துக்கொள்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பொய் பேசவில்லை, கோள் சொல்லவில்லை, வீண் பேச்சும் இல்லை. நல்வாய்மையைப் பரிபூரணமாகக் கடைப்பிடித்த நாள் என்று எழுதலாம். எழுத வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் கேன் போடுகிறவர் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரும் நாள் நாளைக்கு.

ஆகஸ்ட் 19, திங்கள். பௌர்ணமி.

மைத்திரி தியானம். முதலில் தன்னை நினைத்து "நலமாக இருக்கட்டும்" என்று மனத்தில் சொல்ல வேண்டும். பிறகு பிரியமான ஒருவர். பிறகு வேண்டியவரும் இல்லை வேண்டாதவரும் இல்லை என்கிற ஒருவர். கடைசியில் பகையாளி. இறந்தவர்களை வைத்துச் செய்யக் கூடாது என்று பந்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆகவே தெய்வானையை நினைக்க முடியாது.

மூன்றாவது இடத்துக்குத் தண்ணீர் கேன்காரர். நாலாவது இடத்துக்குக் கீழ்வீட்டு நாய். இந்த இரண்டும் எனக்கு எப்போதும் சுலபம். இரண்டாவது இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் நின்றுபோகிறேன். அந்த இடத்தில் வைக்க ஆள் தேடிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலமான தனிமை என்று யாரிடமும் சொல்ல முடியாது.

இன்று அந்த இடத்தில் ஒரு பையன் வந்து நின்றான். கால்சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, கையில் என் பம்பரம். நான் கூப்பிடவில்லை. உடனே கண்ணைத் திறந்துவிட்டேன். மழை வருவதுபோல் இருந்தது, துணி எடுக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஞாயிறுதோறும் கூடத்தில் பழைய நூலிலிருந்து நான் படிப்பேன், நாலைந்து பேர் கேட்பார்கள். போஸ்ட் ஆபீஸ் அருணா மட்டும் கேள்வி கேட்பாள். மழைக்கால வாசம் பற்றிய பகுதி இன்று வந்தது. வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால் வந்துதானே தீரும்.

அதில் ஒரு விலக்கு உண்டு. அவசியமான காரியம் இருந்தால் பிக்கு ஏழு நாள் வெளியே போய் வரலாம். தாயோ தந்தையோ நோயாகக் கிடந்தால் யாரும் கூப்பிடாமலே போகலாம். உடன்பிறந்தவன் என்றால் அவன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாமல் போகக் கூடாது.

"அது இன்னா சார், தம்பின்னா மட்டும் வெத்தல பாக்கு வெச்சி அழைக்கணுமா?" என்றாள் அருணா.

"பிக்குங்கிறவர் உறவை விட்டுட்டு வந்தவர். பழைய பாசத்துக்குத் தானா ஓடக் கூடாதும்மா."

"நீங்களும் மூணு மாசம் ஊர் தாண்டறதில்லன்னு சொன்னீங்களே. உங்களுக்கும் இதே சட்டம்தானா?"

"இதேதான்."

அருணாவுக்கு எனக்கொரு தம்பி இருப்பதே தெரியாது. பொதுவாகத்தான் கேட்டாள்.

அப்பாவும் இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கவயல் பௌத்த சங்கக் கூடத்தில் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து விதிகளைப் படிப்பார். புத்தரின் சீடர்களில் விதிகளைக் கரைத்துக் குடித்தவர் உபாலி. அந்தப் பெயர் எனக்கு. கடைசிவரை புத்தர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் ஆனந்தர். அந்தப் பெயர் தம்பிக்கு. பள்ளிக்கூடத்தில் என்னை உப்புமா என்று கூப்பிட்டார்கள். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னை அப்படிக் கூப்பிட்ட ஒருவனை அவன்தான் கடித்து வைத்தான்.

ஆகஸ்ட் 28, புதன்

செண்பகத்துக்கு நானே போன் செய்தேன்.

"அவன் என்னைக் கூப்பிடச் சொன்னானா?"

"இல்ல மாமா. நானாத்தான் உங்களாண்ட பேசினு கீறேன்."

"ஒரு தடவைகூடச் சொல்லலையா?"

"உங்க பேர எடுத்தா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறாரு. ஏன் மாமா கேக்கறீங்க?"

விதியைச் சொன்னேன். தம்பி கூப்பிட்டால்தான் நான் வர முடியும், என் இஷ்டத்துக்கு வர முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவள் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டாள்.

விதி தெளிவாக இருக்கிறது. எனக்கும் தெளிவாக இருக்கிறது. ராத்திரிச் சோறு இறங்கவில்லை. அரிசி பழசு என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 31, சனி

மழை. விகாரையில் தகரக்கூரை ஒழுகுகிறது. புத்தருக்கு நேர் மேலே. வாளி வைத்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் மூச்சைக் கவனித்து உட்கார்ந்திருந்தேன். நீளமாக இழுத்தால் நீளமாக இழுக்கிறேன் என்று அறிய வேண்டும். சின்னதாக இழுத்தால் சின்னதாக இழுக்கிறேன் என்று அறிய வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. நடுவில் போன் அடித்தது. செண்பகம் பெயர். எடுத்து ஹலோ என்றேன்.

பதில் இல்லை. மறுபடி ஹலோ, என்னம்மா என்றேன். அப்புறம்தான் கேட்டது. யாரோ மூச்சு விடுகிறார்கள். உள்ளே போவது சின்னதாக, தடுக்கித் தடுக்கிப் போகிறது. வெளியே வருவது ஒரு விசிலோடு வருகிறது. பிறகு ஒன்றும் இல்லாத ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் என் மூச்சும் நின்றுவிட்டது. மறுபடி அந்தப் பக்கம் இழுத்தது, இந்தப் பக்கம் நானும் இழுத்தேன்.

எவ்வளவு நேரம் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு மூச்சைக்கூட இவ்வளவு முழுசாக நான் கவனித்ததில்லை.

செண்பகம் போனை வாங்கினாள். "கூப்ட்டாரு மாமா."

"ஒண்ணும் சொல்லலியேம்மா."

"வார்த்த வரல. நீங்க சொன்னத நேத்து அவராண்ட சொன்னேன். தம்பி கூப்ட்டாத்தான் வருவாராம்னு. கேட்டுட்டு ஒரே சிரிப்பு. சிரிச்சி சிரிச்சி இருமல் புடிச்சிக்கிச்சி. இன்னிக்கு எழுந்ததும் போன குடுன்னு கைய நீட்டினாரு. கூப்ட்டாரு மாமா, நம்புங்க."

நம்பினேன். அழுதேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய். முதல் நாள்.

சாவியை அருணாவிடம் கொடுத்தேன். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"கூப்ட்டாரா சார்?"

"கூப்ட்டான்."

"ஏழு நாள்ல வந்துருவீங்க இல்ல?"

"வந்துருவேன். கூரைக்கு அடியில வாளி இருக்கு, ரொம்பினா ஊத்திரும்மா."

ரயில் கேட்டைத் தாண்டும்போது ஜன்னலோரம்தான் இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பங்காருப்பேட்டையில் இறங்கி வண்டி மாறினேன். தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைடு மண்மேடுகள் தெரிந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆனந்தன் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய். தோள் எலும்பின் மேல் சட்டை தொங்கியது. என்னைவிட நாலு வயது சின்னவன், என் அப்பாவைப் போல இருந்தான். என்னைப் பார்த்தான். நான் செருப்பைக் கழற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்மா," என்றான்.

செப்டம்பர் 4, புதன்

அவனால் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடிவதில்லை. நடுவில் காத்திருக்க வேண்டும். மத்தியானம் செண்பகம் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது சொன்னான்.

"அம்மான்னா... கூப்டாமயே வர்லாம்."

"ஆமா."

"வந்த." மூச்சு வாங்கினான். "பாதியில... போய்ட்ட."

சொல்வதற்கு வைத்திருந்ததெல்லாம், நாலு வருஷமாகத் தீட்டித் தீட்டி வைத்திருந்ததெல்லாம், அந்த அறையில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கொள்கை என்ற வார்த்தை ஒரு தடவை வாய்வரை வந்தது. சிலிண்டர் முள்ளைப் பார்க்கப்போவதுபோல எழுந்து போனேன்.

"நானுந்தான்... அப்பாட்ட... பாடம் கேட்டேன்," என்றான் என் முதுகுக்குப் பின்னால். "தம்பின்னா... கூப்டணும். அதான்... கூப்ட்டேன்."

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் இருமலோடு படுக்கை நனைந்துவிட்டது. செண்பகம் "நீங்க வெளிய போங்க மாமா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். ஆனந்தன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் போகவில்லை.

வயிற்றுப்போக்கில் கிடந்த ஒரு பிக்குவின் கதை அப்பா சொல்வார். தன் அசிங்கத்திலேயே புரண்டு கிடந்தான். மற்றவர்களுக்கு அவன் ஒன்றும் செய்ததில்லை என்று யாரும் அவனைத் தொடவில்லை. புத்தர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிட்டார். பிறகு அவர் தலைமாட்டிலும் ஆனந்தர் கால்மாட்டிலும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். உங்களுக்கு இங்கே தாயும் இல்லை தந்தையும் இல்லை, ஒருவரை ஒருவர் நீங்கள் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள், எனக்குச் செய்ய நினைப்பதை நோயாளிக்குச் செய்யுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார். இதை எத்தனை ஞாயிற்றுக்கிழமை நான் குரல் ஏற்றி இறக்கிப் படித்திருக்கிறேன்.

செண்பகம் வெந்நீர் கொண்டுவந்தாள். நான் துடைத்தேன். அவள் கால்மாட்டில் பிடித்துக்கொள்ள நான் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினேன். கனமே இல்லை.

"கதையில... நாந்தான்... தூக்கறவன்," என்றான் ஆனந்தன்.

"இப்ப கம்முனு இரு."

செண்பகத்துக்கு நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்று புரியவில்லை. அவளும் சிரித்தாள். சாயங்காலம் அம்மா படத்துக்கு விளக்கேற்றிக் குங்குமம் வைத்தாள். எண்ணெய் தீர்ந்திருந்தது. கடைக்குப் போய் நான்தான் வாங்கிவந்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அருணா போன் செய்தாள். இன்றைக்கு என்ன படிப்பது என்று கேட்டாள். நோயுற்ற பிக்கு பகுதியைப் படி என்றேன். "அது போன வருஷமே படிச்சிட்டீங்களே சார்" என்றாள். மறுபடி படி என்றேன். வாளி இரண்டு தடவை நிரம்பியதாம்.

செப்டம்பர் 9, திங்கள். ஏழாம் நாள்.

செண்பகம் காலையிலேயே என் வேட்டிகளைத் துவைத்து மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். வழிக்குப் புளிசாதம் கட்டினாள். சாமி காரியம் தவறக் கூடாது என்பதில் என்னைவிட அவள் கறார். மூன்று மணிக்குக் கிளம்பினால்தான் பங்காருப்பேட்டையில் வண்டி பிடிக்க முடியும். இன்று ராத்திரிக்குள் அரக்கோணம் போய்ச் சேராவிட்டால் என் மழைக்கால வாசம் முறிந்தது என்று அர்த்தம். அதற்கு விலக்கு கிடையாது. எனக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டு மணிக்கு ஆனந்தன் என் மணிக்கட்டைப் பிடித்தபடி தூங்கிப்போனான். பிடி ஒன்றும் பலமில்லை. குழந்தைகூட உதறிவிடலாம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் கண் விழித்து என்னைப் பார்த்தான்.

"போகல?"

"இல்ல."

"ஏழு நாள்..."

"ஆயிடுச்சு. நேத்தோட ஆயிடுச்சு."

யோசித்தான். மூச்சு உள்ளே போனது, விசிலோடு வெளியே வந்தது, நின்றது, மறுபடி போனது. நான் கூடவே போய்க் கூடவே வந்தேன்.

"வெரதம்?"

"ஒடஞ்சிடுச்சுடா."

அதற்கு அவன் சிரிக்கவில்லை. உபாலி என்று பெயர் வைக்கப்பட்டவன் ஒரு விதியை உடைப்பதை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை. கண் ஓரம் நனைந்தது. நான் துண்டால் துடைத்தேன். அவன் காலை மெல்ல நகர்த்திக் கட்டிலில் எனக்கு இடம் விட்டான்.

உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னேன். கிழக்கே தெருக் குழாயடி, மேற்கே இந்தக் கட்டில். மழை விடும்வரை இதைத் தாண்டுவதில்லை.